மிக்ஸியை விட்டுக் கீஸரைப் பாருங்கள்!

மின்சார பில் வந்த அன்றைக்கு வீட்டில் யார் தலை உருளும், சகோதரிகளே? பெரும்பாலும் நம் தலைதான்! "எப்போது பார்த்தாலும் மிக்ஸி ஓடுகிறது, சமையலறையில் ஃபேன் வேறு சுற்றுகிறது" என்று குற்றப் பத்திரிகை வாசிப்பார்கள். இது நியாயந்தானா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள்.

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு வாய்ப்பாடு போதும். 750 வாட் மிக்ஸியில் ஐந்து நிமிஷம் சட்னி அரைத்தால் ஆகும் செலவு, யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு. பாட்டி காலத்துக் கணக்கில் சொன்னால் ஒரு வீசம்! இந்த வீசத்தை மிச்சம் பிடிக்க அம்மியோடு மல்லுக் கட்ட வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

இனிக் குளியலறைப் பக்கம் போவோம். 2,000 வாட் கீஸர் அரை மணி நேரம் ஓடினால் முழுசாக ஒரு யூனிட். பதினாறு நாள் சட்னிக்கு ஆகிற மின்சாரம் ஒரு நாள் வெந்நீருக்குப் போய்விடுகிறது! ஒன்றரை டன் ஏ.ஸி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் விழுங்கிவிடும். ஆக, மின்சாரத்தைத் தின்பது வெளிச்சமும் அல்ல, அரைப்பதும் அல்ல. சூடாக்குவதும் குளிரவைப்பதுந்தான்.

சத்தமில்லாமல் தின்கிற ஆசாமி இன்னொருவர் உண்டு. அவர்தான் பழைய ஃபேன். அது 75 வாட் இழுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.ஸி. ஃபேனுக்கு 30 வாட் போதும். நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்தில் சுமார் 43 யூனிட் மிச்சம்.

ஆகவே சிக்கனத்தை இப்படித் தொடங்கலாம். குளிக்கப் போகுமுன் கீஸரைப் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஏ.ஸி.யை 18-இல் வைத்துவிட்டுப் போர்வை தேடாதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். 2020 முதல் நட்சத்திர முத்திரையுள்ள புது ஏ.ஸி.கள் 24-இல் தொடங்கும்படி சர்க்காரே விதி செய்திருக்கிறது.

வீட்டுக் கணக்கு இப்படி. உலகக் கணக்கு எப்படி? தொழிற்சாலை, விவசாயம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு வகுத்தால், 2023-24-இல் ஓர் இந்தியருக்கு வருஷத்துக்கு 1,400 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஓர் அமெரிக்கருக்கோ ஏறத்தாழ 12,000! சிக்கனப் பாடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஓதப்படுகிறது. ஏ.ஸி.யை விட்டுவிட்டு மிக்ஸியைக் குறை சொல்லுகிற கதைதான் இதுவும்.

"அப்படியானால் நாம் ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். ஒற்றை ஃபேனில் குடும்பமே படுத்துறங்கும் வீடும் நம் நாட்டில் உண்டு, அறைக்கோர் ஏ.ஸி. வைத்த வீடும் உண்டு. முதல் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வேண்டும். இரண்டாவது வீட்டில் குறைத்தாக வேண்டும். 2023-24-இல் நம் மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியில்தான் பிறந்தது. அங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி எரிகிறது. அந்தப் புகைக்கு அமெரிக்க வீடு, இந்திய வீடு என்ற பேதம் தெரியாது.

இன்னொரு யோசனை. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது; பொழுது சாய்ந்ததும் நிலக்கரி உலைகள்மேல் பாரம் ஏறிவிடுகிறது. துணி துவைக்கும் மிஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பில் குறையாமல் போகலாம், கரி குறையும்.

அடுத்த பில் வந்ததும் இந்தக் கணக்கை எடுத்து வீட்டில் நீட்டுங்கள். சமையலறை ஃபேன் தாராளமாகச் சுற்றட்டும். சட்னியும் வழக்கம்போல் மிக்ஸியிலேயே அரைபடட்டும்!