ஸ்ட்ரைக்கைத் துரத்துவது போதும்... ஸ்பேரைப் பிடிங்க!

வார இறுதியில் மால் பவுலிங் லேனில் கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். முதல் பந்தை மொத்த பலத்தையும் திரட்டி வீசுவார்கள். எட்டு பின் விழும். மிச்சம் நிற்கும் இரண்டுக்கு அடுத்த பந்தை ஏனோதானோவென்று உருட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஸ்கோர் 80, 90. ‘இன்னைக்கு லக் இல்லைப்பா’ என்று புலம்பல் வேறு.

லக் எல்லாம் ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் பாதிப் பந்துகளை நாமே வீணாக்குகிறோம் என்பதுதான் விஷயம்.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு 10 ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் முதல் பந்தில் 8 பின் வீழ்த்தி, இரண்டாவது பந்தைக் கோட்டைவிட்டால் மொத்தம் 80. அதே 8 விழுந்து, மிச்ச இரண்டையும் இரண்டாவது பந்தில் சாய்த்தால் அது ஸ்பேர். அதற்கு 10 புள்ளியோடு, அடுத்து வீசும் பந்தின் புள்ளியும் போனஸ். ஆக ஃப்ரேமுக்கு 18, மொத்தம் 180. ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல்!

ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்துகளும் போனஸ்தான், மறுக்கவில்லை. ஆனால், ஸ்ட்ரைக் அடித்த குஷியில் அடுத்த ஃப்ரேமை 8, 0 என்று விட்டால் அந்த ஸ்ட்ரைக்கின் மதிப்பும் அதே 18தான். வரிசையாக விழுந்தால்தான் ஸ்ட்ரைக்குக்குப் பவர். நம்மில் எத்தனை பேருக்கு வரிசையாக விழுகிறது?

சரி, ஸ்பேர் எடுப்பது எப்படி? முதலில், பின்னைப் பார்த்து வீசுவதை நிறுத்துங்கள். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி தள்ளி நிற்கிறது. லேனில் சுமார் 15 அடியிலேயே ஏழு அம்புக்குறிகள் இருக்கின்றன. அலங்காரம் இல்லை, குறி பார்க்கத்தான். வலது கைக்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது அம்பை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 3-6-9 கணக்கு. லேனின் அகலம் 39 மெல்லிய பலகைகள். பின்களுக்கு எண் உண்டு: முன்னால் நிற்பது 1, பின்வரிசையின் இடது மூலை 7, வலது மூலை 10. ஸ்ட்ரைக்குக்கு நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும். இடப்பக்கம் 2 மிச்சம் நின்றால் 3 பலகை வலப்பக்கம் தள்ளி நில்லுங்கள். 4 என்றால் 6 பலகை, 7 என்றால் 9 பலகை. குறி அதே அம்புதான். வலப்பக்கம் 3, 6, 10 நின்றால் அதே அளவு இடப்பக்கம் நகருங்கள். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு பலகை மாறும். நாலு தடவை வீசினால் பிடிபட்டுவிடும்.

பந்து? கெத்துக்காகக் கனமானதைத் தூக்காதீர்கள். கட்டைவிரல் துளை இறுக்கமாக இருந்தால் பந்து கையை விட்டுப் போகாது, லூஸாக இருந்தால் விழாமலிருக்க அழுத்திப் பிடிப்பீர்கள். இரண்டிலுமே திசை போச்சு.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட் இரண்டு கையால் வீசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, பந்தை வளைக்க மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். மால் ரேக்கில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் பந்து அதில் வழுக்கிக்கொண்டு கிட்டத்தட்ட நேராகத்தான் போகும். அது குறையும் இல்லை. தொழில்முறை வீரர்கள் பலர், ஸ்பேருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தனியாகப் பையில் வைத்திருக்கிறார்கள், நேராகப் போகும் என்பதற்காகவே!

அடுத்த முறை ஆபீஸ் டீமோடு போகும்போது டீ செலவுக்குப் பந்தயம் கட்டினால், யார் அதிக ஸ்ட்ரைக் என்று பார்க்காதீர்கள். யார் அதிக ஸ்பேரைக் கோட்டைவிட்டார்களோ, அவர்கள்தான் பில் கட்டணும். நடுவே இடைவெளி விட்டு ரெண்டு பக்கமும் பின் நிற்கும் ஸ்பிளிட்டுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.