ப்ராஜெக்ட் தலைப்புக்குக் கீழே

செமஸ்டர் தேர்வு முடியும் காலத்தில் அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் கோவையிலும் இருக்கும் நம் தொழிற்சாலைகளுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு ரெஸ்யூம்கள் வந்து குவிகின்றன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. சீனியர் கொடுத்த ஃபைலில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் மாறியிருக்கும். மேலே குறிக்கோள் என்று நான்கு வரி. கீழே தந்தை பெயர், திருமண நிலை, ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி. இவை எதுவும் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பொறியாளருக்குத் தேவையில்லை.

அவர் தேடுவது ப்ராஜெக்ட் பகுதியை. அங்கே ‘சோலார் புல்வெட்டும் இயந்திரம்’ என்று தலைப்பு மட்டும் இருக்கும். குழுவின் நால்வரும் அதையே எழுதியிருப்பார்கள். மாணவர் இப்படி எழுதியிருந்தால்? ‘நால்வர் குழுவில் ப்ளேடு ஷாஃப்ட் என் பொறுப்பு. முதல் ஓட்டத்தில் அதிர்வு அதிகம். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் ரன்அவுட் 0.4 மி.மீ. லேத்தில் மறுபடி கடைந்து 0.05-க்குக் கொண்டுவந்தேன்.’ பையனுக்கு அளக்கத் தெரியும், காரணம் தேடத் தெரியும், லேத்தில் கை வைத்திருக்கிறான் என்பது இந்தச் சில வரிகளிலேயே விளங்கிவிடுகிறது. நேர்முகத்தில் முதல் கேள்வியும் இங்கிருந்தே பிறக்கும்.

மென்பொருள் பட்டியலுக்கும் இதே அளவுகோல்தான். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ஆன்சிஸ் என்று அடுக்குவதைவிட, ஒன்றில் எதை வரைந்தார் என்று சொல்வது மேல். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். கேட்டால் எப்படியும் தெரிந்துவிடும். காசு கட்டி வாங்கிய ஆன்லைன் சான்றிதழ்களை வரிசைப்படுத்துவது இடத்தை அடைக்குமே தவிர மதிப்பைக் கூட்டாது. ஒரே பக்கம், ஒரே பத்தி அமைப்பு போதும். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள். இரட்டைப் பத்தியும் கட்டங்களும் அதைக் குழப்பக்கூடும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்தம் 160 கிரெடிட்டில் ப்ராஜெக்ட், செமினார், தொழிற்சாலைப் பயிற்சிக்கு 15 ஒதுக்கியது. அந்த 15-ஐ நாம் எப்படி நடத்துகிறோம்? ப்ராஜெக்ட்டை வெளியே காசுக்குச் செய்து வாங்கிவர விட்டுவிட்டு, ‘நீ என்ன செய்தாய்?’ என்று ரெஸ்யூமில் தேடினால் எங்கே கிடைக்கும்? தானே அளந்து, தானே கழற்றி மாட்டியவரால்தான் அந்த வரியை எழுத முடியும்.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரிவ்யூவின்போது குழுவின் ஒவ்வொருவரையும் தன் பங்கைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: இடம் கொடுக்க முடியாவிட்டாலும், நன்றாக எழுதி அனுப்பிய மாணவருக்கு இரண்டு வரி பதில் போடுங்கள்.