அலாரம் யாருக்கு அடிக்கணும்?

திருட்டு அலாரம் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், சைரன் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பார்கள். செட்டிங்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கதவு திறந்து எத்தனை விநாடியில் அலற வேண்டும், முதல் போன் யாருக்குப் போக வேண்டும்... இதெல்லாம் மாட்ட வந்த பையன் ஐந்து நிமிடத்தில் அமுக்கிவிட்டுப் போவதுதான். துபாயில் இருக்கும் ஓனர் நம்பரை மட்டும் போட்டுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கு விடிந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

வீட்டில் போவது நகை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் போவது உயிர். அங்கே உள்ளே வருவது திருடன் இல்லை, யானை. சேரம்பாடி, தேவாலா, ஓவேலி எங்கு பார்த்தாலும் காடும் டீ எஸ்டேட்டும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. அங்கேயும் இப்போது யானையைக் கண்டுபிடிக்க ஏ.ஐ. கேமராக்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கேமரா யானையைப் பார்த்த பிறகு யாருக்குச் சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு வால்பாறையில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. அது ஆனைமலைப் பக்கம் என்றாலும் அதுவும் டீ எஸ்டேட் ஊர்தான் (குன்னூரில் தலைமையகம் உள்ள டான்டீக்கு அங்கேயும் தோட்டம் உண்டு). நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனின் ஆனந்தகுமார் குழு அங்கே வருடக்கணக்காக யானைகளைப் பின்தொடர்ந்தது. யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதாவது பிரச்சினையில் பாதி, தகவல் போய்ச் சேராததுதான்.

முதலில் லோக்கல் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகச் செய்தி போட்டார்கள். 2011 முதல் எஸ்.எம்.எஸ்.ஸும் சிவப்பு விளக்கும். எஸ்.எம்.எஸ். ஊர் முழுக்கப் போகாது. யானை நிற்கும் இடத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான். எல்லோருக்கும் தினமும் அனுப்பினால் 'புலி வருது' கதைதான், நான்காம் நாள் யாரும் படிக்க மாட்டார்கள். விளக்கு மேட்டில் இருக்கும், ஒரு கிலோமீட்டர் தூரம் தெரியும், பதிவு செய்த செல்போனிலிருந்து கூப்பிட்டால் எரியும். படிக்கத் தெரியாதவருக்கும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கும் சிவப்பு சிவப்புதான். இந்த வேலைக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

கோவை மதுக்கரையில் செட்டிங் வேறு. 2021 நவம்பர் 26 இரவு ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்கள், 24 வெப்பக் கேமராக்களுடன் ஏ.ஐ. எச்சரிக்கை தொடங்கியது. அங்கே தகவல் ரயில்வேக்குப் போகிறது; சரிதான், வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் டிரைவர். எஸ்டேட்டில் அப்படி ஒரு டிரைவர் கிடையாது. நிற்க வேண்டியது இருட்டில் லைன் வீட்டுக்கு நடந்துபோகும் தொழிலாளி. வனத்துறை கண்ட்ரோல் ரூமில் மட்டும் மணி அடித்தால் ஜீப் வந்து சேர்வதற்குள் அந்த அம்மா யானையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது...

கணக்குப் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரிப்பார்களே, சிக்கல் அங்கேதான். கேமரா மூலதனச் செலவு. ரிப்பன் வெட்டலாம், போட்டோ வரும். சிம் ரீசார்ஜ், பேட்டரி, நம்பர் பட்டியலைத் திருத்துவது எல்லாம் மாதாந்திரச் செலவு. யாரும் மாலை போட மாட்டார்கள். ரிட்டயர் ஆகி ஊரைவிட்டுப் போனவர் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு அலாரமே இல்லை என்றுதான் அர்த்தம். அடர்ந்த மூடுபனியில் வெப்பக் கேமராவின் பார்வையும் குறையும். அன்றைக்கு யானையைக் கண்ணால் பார்த்த ஒருவர் தன் போனிலிருந்தே விளக்கை எரிய வைக்க வேண்டும். அந்த அனுமதி ஆபீஸ் பாஸ்வேர்டுக்குள் பூட்டிக் கிடந்தால் எப்படி?

கூடலூர் பக்கம் பட்டியலில் முதலில் சேர வேண்டியவர்கள் எஸ்டேட் சூப்பர்வைசர்களும், ராத்திரி கடைசி டிரிப் ஓட்டும் பஸ் டிரைவர், கண்டக்டர்களும்தான். இருட்டில் எந்த ஸ்டாப்பில் யார் இறங்குவார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நாலு நம்பரைச் சேர்க்க டெண்டர்கூட விட வேண்டாம்.