சாதாளைக்கு வெளிச்சம் வேண்டும்

ஆசிரியருக்கு,

முருகைக்கற்கள் வெளுப்பதற்கும் சாதாளை எனும் கடற்புல் மடிவதற்கும் கடல் சூடாவதை மட்டும் காரணம் காட்டுவது போதாது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, முருகைக்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறிவிடும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் அதைக் கண்டோம். அந்தச் சூட்டை நாம் தனியே தணிக்க முடியாது. ஆனால் கடலில் சேரும் அழுக்கைத் தடுக்க முடியும்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் நிலத்தடி நீரோடு கடலுக்குக் கசிகின்றன. அந்தச் சத்தில் பாசி தழைத்துச் சாதாளை இலைகளை மூடுகிறது. வெளிச்சமின்றிப் புல் மடிகிறது. இறாலும் ஓரா மீனும் குஞ்சாக வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு அதுவே உணவு.

கடலில் சேரும் அழுக்கைக் குறைக்கும் முதற்படியாக, யாழ். நகர வடிகால் நீரைச் சுத்திகரித்த பின்னரே கடனீரேரியில் விடவேண்டும். அதிகாரிகள் அந்தப் பணியை இந்த மாரிக்கு முன் தொடங்கட்டும்.

ஒரு வாசகர்,
குருநகர்