மேலே ஏறிய காற்று திரும்பி வந்தால்…

2018 மார்ச் 12, திங்கட்கிழமை. முந்தைய நாள் குரங்கணி மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஊர்க்காரர்களும் வனத்துறையினரும் இருட்டோடு இருட்டாக ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். விடிந்ததும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மலைக்கு மேலே வட்டமிட்டன. 20 பேருக்கு மேல் பலிகொண்ட அந்தத் தீயைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதே காலையை ஹெலிகாப்டர் எஞ்சினின் பக்கம் நின்று பார்த்தால், வேறொரு கதை தெரியும்.

மார்ச் மாத வெயில். செங்குத்துச் சரிவு. கீழே இன்னும் அடங்காத கங்கு. சூடான காற்று மெலிந்த காற்று. உயரத்திலும் காற்று மெலிவுதான். ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்துவதும் காற்று, எஞ்சின் உள்ளே இழுத்து எரிப்பதும் காற்று. அந்தக் காற்று எஞ்சினுக்குள் ஒழுங்காகப் போகாமல், போன வழியே திரும்பி வந்தால்? அதற்கு ‘சர்ஜ்’ என்று பெயர். பைலட்டுகள் கேட்க விரும்பாத வார்த்தை அது.

புரிந்துகொள்ள போடி பக்கத்து உதாரணமே போதும். ஏலத்தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்ற வேண்டும். சரிவில் 12 பேர் வரிசையாக நின்று, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மூட்டையை மேலே மேலே தள்ளுகிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் கை மாற்றும்வரை பிரச்னை இல்லை. உச்சியில் நிற்பவருக்கு இறக்கிவைக்க இடமில்லை என்றாலோ, நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கினாலோ, மேலே போன மூட்டையெல்லாம் கீழே நிற்பவர் தலையில்தான் வந்து விழும்.

எஞ்சினின் முன்பகுதியில் இருக்கும் கம்ப்ரஸர் செய்வது இதைத்தான். சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு எஞ்சின்களிலும் கம்ப்ரஸருக்கு 12 அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் சுழலும் பிளேடுகள் ஒரு வரிசை, சுழலாத பிளேடுகள் ஒரு வரிசை. வெளியே இருக்கும் காற்று உள்ளே போய் எரியறையைத் தொடும்போது சுமார் 9, 10 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அழுத்தம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் போவது காற்றின் குணத்துக்கே எதிரானது. எப்போதும் திரும்பி வரத்தான் பார்க்கும். பிளேடுகள் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அது அடங்கி நிற்கிறது.

ஒவ்வொரு பிளேடும் ஒரு குட்டி இறக்கை. காற்று அதன் மேல் சரியான கோணத்தில் பட வேண்டும். உள்ளே வரும் காற்று குறைந்து, சுழற்சி மட்டும் அதே வேகத்தில் இருந்தால் கோணம் கெடும். பிளேடின் பிடி நழுவும். பிடி நழுவியதும் பின்னால் அடைபட்டிருந்த அழுத்தக் காற்று முன்பக்கமாகப் பாயும். ‘டமார்!’ அழுத்தம் இறங்கியதும் பிளேடுகள் மறுபடி காற்றைப் பிடிக்கும், மறுபடி நழுவும். ஒரு நொடிக்குள் பல தடவைகூட இப்படி ஆகலாம். சில சமயம் எஞ்சினின் முன்னாலும் தீ எட்டிப்பார்க்கும்.

இதற்குக் காரணங்கள் பல. பறவை மோதி பிளேடு வளைவது, மணல் அரித்து பிளேடின் வடிவம் தேய்வது, எரிபொருளைத் தடாலென்று கூட்டுவது. குரங்கணி போன்ற இடத்தில் கூடுதலாக ஒன்று: தீக்கு மேலே எழும் காற்று ஒரே சீரான சூட்டில் இருக்காது. எஞ்சின் வாயில் ஒரு பக்கம் கொதிக்கும் காற்று, மறுபக்கம் குளிர்ந்த காற்று என்று நுழைந்தால் பிளேடுகள் தடுமாறும். ஏவுகணையின் புகையை விழுங்கும் போர் விமானங்களுக்கும் இதே சிக்கல்தான். அதனால் பல ரகங்களில், ஏவுகணை கிளம்பும் கணத்தில் எரிபொருளைத் தானாகவே கொஞ்சம் குறைக்கும் ஏற்பாடு உண்டு.

தடுக்கும் வழிகளில் முதல் வழி கொஞ்சம் வேடிக்கையானது. பாடுபட்டு அழுத்திய காற்றில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெளியே விட்டுவிடுவது! மூட்டை வரிசையில் நடுவில் நிற்பவர் சில மூட்டைகளை ஓரமாக இறக்கிவைப்பதுபோல. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஸரின் நடுவில் இருக்கும் வால்வுகள் திறந்துகொள்ளும்; வேகம் பிடித்ததும் மூடிக்கொள்ளும். அடுத்த வழி, சுழலாத பிளேடுகளின் கோணத்தையே வேகத்துக்குத் தகுந்தபடி திருப்பிவிடுவது. எம்ஐ-17 எஞ்சினில் இரண்டுமே உண்டு. எஞ்சின் வாயில் காளான் குடை மாதிரி துருத்திக்கொண்டிருப்பது தூசி வடிகட்டி.

பயணிகள் விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். மதுரை விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் வால் பக்கத்திலிருந்து ‘ஙொய்ய்’ என்று ஓர் இரைச்சல் வரும். அது வாலில் இருக்கும் குட்டி எஞ்சின். தரையில் நிற்கும்போது ஏ.சி-க்கும், பெரிய எஞ்சினைக் கிளப்புவதற்கும் காற்று தருவது அதுதான். பெரிய எஞ்சின் கிளம்பியதும், ‘உன் காற்று போதும்’ என்று திடீரென வழி அடைபடும். வந்துகொண்டிருக்கும் காற்று எங்கே போகும்? பல ரகங்களில் அதற்கென்றே ஒரு வால்வு திறந்து, மிச்சக் காற்றைப் புகைபோக்கிக்குள் தள்ளிவிடும். இல்லையென்றால் அந்தக் குட்டி எஞ்சினிலும் சர்ஜ்தான்.

இத்தனை ஏற்பாட்டையும் மீறி சர்ஜ் வந்துவிட்டால் விமானி செய்ய வேண்டிய முதல் வேலை, த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து எரிபொருளைக் குறைப்பது. சொல்வது சுலபம். தரைக்குப் பக்கத்தில், சக்தி போதாமல் திணறும் நேரத்தில், சக்தியைக் குறைக்க யாருக்குக் கை வரும்?

1991 டிசம்பர் 27, ஸ்டாக்ஹோம். எஸ்.ஏ.எஸ் நிறுவனத்தின் எம்.டி-81 விமானம் 129 பேரோடு கிளம்பியது. இறக்கையில் கண்ணாடிபோல உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து, வால்பக்க எஞ்சின்கள் இரண்டிலும் போய் விழுந்தது. பிளேடுகள் வளைந்தன, டமார் டமார் என்று சர்ஜ் தொடங்கியது. விமானி த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தார். ஆனால், சக்தி குறைந்தால் தானாகவே கூட்டிவிடும் ஒரு கருவி அந்த விமானத்தில் இருந்தது. அப்படியொன்று இருப்பது விமானிகளுக்குத் தெரியாது. அதற்கான பயிற்சியே தரப்படவில்லை. அவர் குறைக்க, அது கூட்டியது. கிளம்பி ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் இரண்டு எஞ்சின்களும் செத்துப்போயின. காட்ரோரா என்ற ஊர் அருகே ஒரு வயலில் இறங்கிய விமானம் மூன்று துண்டானது. 129 பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பதை இன்று படிக்கும்போதும் நம்ப முடிவதில்லை.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது என்றாவது அந்த ‘டமார்’ கேட்டால், அடுத்து எஞ்சின் சத்தம் தணிவதையும் கவனியுங்கள். பயந்துவிட வேண்டாம். முன்னால் இருப்பவர் த்ராட்டிலைச் சரியான பக்கம்தான் இழுத்திருக்கிறார்.