மஞ்சள் நோட்டீசுக்கு முந்தைய பத்திரம்

கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒரு வீடு. கணவருக்குத் தொழிலில் பலத்த அடி. நூல் கொடுத்தவர், கைமாற்று தந்தவர், கூலி பாக்கிக்குக் காத்திருப்பவர் என்று கடன்காரர்களின் வரிசை நீள்கிறது. ஐ.பி. எனப்படும் திவால் மனு கொடுத்துவிடுவது என்று வீட்டுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால், அவர்கள் முதலில் போவது நீதிமன்றத்துக்கு அல்ல, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. தனக்குள்ள பிரிபடாத பாதி பாகத்தை, அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு என்று காரணம் காட்டி, மனைவிக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார் கணவர். அடுத்த சில மாதங்களில், திவால் மனுவைக் கடன்காரர்களுக்கு அறிவிக்கும் மஞ்சள் நோட்டீஸ் புறப்படுகிறது. மனுவோடு இணைத்த சொத்துப் பட்டியலில் வீடு இல்லை.

குடும்பத்தைக் காப்பாற்றிய சாமர்த்தியம் என்று ஊர் இதை மெச்சுகிறது. நாம் இதைத் திருட்டு என்றே சொல்கிறோம். கடனை அடைக்க வழியில்லாத நிலை வந்த பிறகு, அந்தப் பாதி வீடு அறத்தின்படி கடன் கொடுத்தவர்களுக்கு உரியது. பிறருக்குச் சேர வேண்டியதைத் தானமாகக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

சட்டமும் இதில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த சொத்து மாற்றத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். மாவட்டங்களில் நடைமுறையில் உள்ள 1920-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் எழுதிய பத்திரத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். சொத்தை மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் இந்தப் பிரிவுகள் தாமாக எழுந்து வேலை செய்யா. யாராவது வழக்கை நடத்த வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் கைமாற்று தந்த விதவைத் தாயால் வக்கீல் வைத்து எத்தனை வாய்தாவுக்கு நடக்க முடியும்?

“மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனைவியின் பாதியை யாரும் கேட்கவில்லை. நகையை விற்று, சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை கட்டி அவர் சம்பாதித்த உரிமை அது. கணவரின் கடனுக்காக அதில் கைவைப்பதும் அநீதியே. அதற்கு மேலும் சட்டம் இரக்கம் காட்டுகிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி, பெண்கள் மத வழக்கப்படி கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. திவாலானவர் நேர்மையாக நடந்திருந்தால், பழைய கடன்களிலிருந்து விடுவித்துப் புது வாழ்வும் தருகிறது திவால் சட்டம். அந்தக் கருணைக்கு முக்கிய நிபந்தனை, இருப்பதையெல்லாம் மறைக்காமல் முன்வைப்பது.

அவசரப் பத்திரம் மனைவிக்கும் கேடுதான். எழுதி வாங்கியவர் என்ற முறையில் அவரும் எதிர்மனுதாரராக நீதிமன்றப் படியேற நேர்கிறது. அவர் உழைத்துச் சேர்த்த பாதியின் மீதும் பினாமி என்ற சந்தேகம் விழுகிறது.

குற்றம் கடனாளியோடு முடிவதில்லை. நோக்கம் தெரிந்தே பத்திரம் தயாரிப்பவரும் ‘முதலில் சொத்தை மாற்றுங்கள்’ என்று வழிசொல்லும் வழக்கறிஞரும் உடந்தைதான். அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2016-இல் இயற்றிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு நூற்றாண்டு பழைய சட்டமே கதி. அந்தப் பகுதியை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். அதுவரை, ஐ.பி. மனு போடுபவர் முந்தைய 2 ஆண்டுகளில் எழுதிக் கொடுத்த எல்லாப் பத்திரங்களின் நகலையும் இணைப்பதை நீதிமன்றங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

தொழிலில் தோற்பது பாவமல்ல; தோற்றவரை ஏளனம் செய்யும் சமூகமே வெட்கப்பட வேண்டும். ஆனால் நம்பிக் கொடுத்தவரின் பணத்தை மனைவி பெயரில் ஒளித்துவிட்டு நீதிமன்றத்தில் கைவிரிப்பவர் தோற்றவர் அல்லர், மோசடிக்காரர். அவருக்குக் கடன்களிலிருந்து விடுதலை ஆணை வழங்கக் கூடாது.