விளையாட்டல்ல, வடிவமைப்பு

நகர வடிவமைப்பு வல்லுநருக்கே உரியது, அதில் இளையோரைச் சேர்ப்பது வெறும் கணினி விளையாட்டு என்னும் வாதம், வரைபடத்தைப் படிக்கும் திறனையும் இடத்தைப் பழகி அறிந்த அறிவையும் ஒன்றெனக் கொள்கிறது. ஐ.நா. வாழ்விட அமைப்பும் மோஜாங் நிறுவனமும் 2012இல் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' திட்டம், கனசதுரக் கட்டைகளை அடுக்கி உலகங்களைக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை நைரோபியின் கிபேரா போன்ற குடியிருப்புகளுக்குக் கொண்டுசென்றது. வரைபடக் குறியீடுகளை அறியாதவரும் அதில் தம் தெருவை மாற்றியமைத்து, இருளடையும் மூலை எது, விளக்கு எங்கே வேண்டும் என்று காட்ட முடிகிறது, ஏனெனில் மாலையில் அவ்வழியே நடப்பவர் அவர்கள்தாம், வல்லுநர் அல்லர். ஆனால் ஆதரவாளர்களின் கைதட்டலும் சற்று மிகையே. யுனிசெஃப் 1992இல் வெளியிட்ட ரோஜர் ஹார்ட்டின் ஆய்வுரை பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்து, சிறுவரை அலங்காரமாக நிறுத்துவது உள்ளிட்ட கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே கருதவில்லை. முடிவெடுத்து நிதியும் ஒதுக்கியபின் நடத்தப்படும் பயிலரங்கு அந்த மூன்றைத் தாண்டுவதில்லை.